இரண்டு விரல், மூன்று கார்ட்

ஜாஸ் பியானோ கற்பவர்களும், பழைய இசைத்தட்டைக் கேட்டுவிட்டு ‘வாசிப்பது யார்?’ என்று தவிப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை.

மேஜர், மைனர் கார்ட் எல்லாம் கீபோர்டில் சரளமாக வருகிறது. ஆனாலும் நான் வாசித்தால் ஜாஸ் மாதிரி கேட்கவில்லை. எங்கே தொடங்குவது?
- கல்லூரி மாணவர், திருச்சி

விரல்களைக் குறைப்பதில் தொடங்குங்கள். ஒரு கட்டை ஸ்ருதி வைத்துக்கொள்ளுங்கள். அதாவது சி-தான் ச. இடது கையில் ம, அதற்கு மேலே உள்ள ச, இந்த இரண்டை மட்டும் சேர்த்து அமுக்குங்கள். அடுத்து, மேலே இருக்கும் விரலை மட்டும் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டைக்கு இறக்கினால் ம-நி. பிறகு கீழே இருக்கும் விரலை மட்டும் அதேபோல் இறக்கினால் க-நி. முடிந்தது. டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த் மூன்றையும் வாசித்துவிட்டீர்கள். ஆயிரக்கணக்கான ஜாஸ் பாட்டுகளை நடத்திச் செல்லும் ‘டூ-ஃபைவ்-ஒன்’ இதுதான்.

இரண்டு ஸ்வரம் எப்படிப் போதும் என்றால், ஒரு கார்டின் குணம் அதன் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களில்தான் இருக்கிறது. மேஜரா மைனரா என்பதை மூன்றாவது சொல்லும்; ஓய்ந்து நிற்கிறதா, அடுத்த கார்டுக்குத் துடிக்கிறதா என்பதை ஏழாவது சொல்லும். அடி ஸ்வரத்தை பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். அவர் இல்லாத இடத்தில் உங்கள் குரல் இருக்கிறது: இடது கை அந்த இரட்டை ஸ்வரங்களில் நகரும்போது ரி, ப, ச என்று வாயால் பாடுங்கள். பாடாமல் வாசித்தால் விரலுக்கு இடம் பழகும், காதுக்கு ஒன்றும் சேராது. ஒரு கட்டையில் சரியாக வந்ததும் அடுத்த கட்டைக்குப் போங்கள். பன்னிரண்டும் முடிகிறவரை வேறு எதையும் தொட வேண்டாம்.

மொத்தம் எத்தனை கார்ட் மனப்பாடம் செய்ய வேண்டும்?
- கோயம்புத்தூர் வாசகி

மேஜர் செவன்த், மைனர் செவன்த், டாமினன்ட் செவன்த் என்று மூன்று வகை. பன்னிரண்டு கட்டைக்கும் சேர்த்து 36. இவை யோசிக்காமல் வர வேண்டும். மற்றவை தேவைப்படும்போது தானாக வந்து சேரும்.

மேஜர் செவன்த் பழகிவிட்டேன். ஆனால் 1920-களின் இசைத்தட்டுகளில் அந்த ஒலி அகப்படவே இல்லையே? என் காதில் கோளாறா?
- மதுரை வாசகர்

காது மிகச் சரியாக வேலை செய்கிறது, சபாஷ்! அந்தக் காலத்துக்காரர்கள் பாட்டை முடிக்கும்போது நி-யைவிட த-வைத்தான் அதிகம் சேர்த்தார்கள். ச க ப த: சிக்ஸ்த் கார்ட். பெரும்பாலான பாட்டுகள் ச-வில் முடியும். அதனடியில் நி ஒலித்தால் இரண்டும் உரசும். பின்னால் வந்த தலைமுறை அந்த உரசலை ரசித்தது. 1920-களில் முடிவு தெளிவாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். எனவே பழைய பாணியில் வாசிக்கும்போது நீங்களும் சிக்ஸ்த் கார்டிலேயே நில்லுங்கள்.

அந்தத் தட்டுகளில் அடிக்கடி கேட்கும் இன்னொன்று டிமினிஷ்ட் செவன்த். ச, சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், சதுஸ்ருதி தைவதம் நான்கையும் ஒன்றாக அமுக்கிப் பாருங்கள். நான்கும் சம இடைவெளியில் இருப்பதால் பன்னிரண்டு கட்டைக்கும் மூன்றே வடிவம்தான். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் அதை வைப்பார்கள். கேட்டதும் அடுத்து என்ன வரப்போகிறதோ என்று மனம் எம்பும்.

ராக்டைமுக்கும் ஸ்ட்ரைடுக்கும் காதால் வித்தியாசம் தெரியுமா? இரண்டிலும் இடது கை கீழும் மேலும் குதிக்கிறதே!
- ஆசிரியர், தஞ்சாவூர்

குதிப்பது இரண்டிலும் உண்டு. ஒன்றிலும் மூன்றிலும் கீழே ஓர் அடி ஸ்வரம், இரண்டிலும் நான்கிலும் நடுவில் ஒரு கார்ட். வித்தியாசம் நடையில் இருக்கிறது. ராக்டைம் எழுதிவைத்த இசை. ஸ்வரங்கள் சமமாக விழும். ஸ்ட்ரைடில் நடை சாய்ந்து ஆடும், தாவல் பெரிதாகும், வலது கை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக எதையாவது சொல்லும்.

இதைப் புரிந்துகொள்ள ஜெல்லி ரோல் மார்ட்டனைவிடச் சிறந்த வாத்தியார் கிடையாது. 1938-இல் வாஷிங்டனில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்காக ஆலன் லோமாக்ஸ் அவரைப் பியானோ முன் உட்காரவைத்துப் பேசவும் வாசிக்கவும் விட்டார். பதிவு எட்டு மணி நேரத்துக்கும் மேல் போனது. அதில் ஸ்காட் ஜாப்லினின் 1899-ஆம் வருட ‘மேப்பிள் லீஃப் ராக்’கை முதலில் பழைய ராக்டைம் வழியிலும், அடுத்துத் தன் நியூ ஆர்லியன்ஸ் வழியிலும் வாசித்துக் காட்டுகிறார். பாட்டு ஒன்று, கை ஒன்று, இசை இரண்டு. புத்தகம் நூறு பக்கத்தில் சொல்வதை அந்தச் சில நிமிடங்கள் சொல்லிவிடுகின்றன.

அதன்பின் ஜேம்ஸ் பி. ஜான்சன் 1921-இல் பதிந்த ‘கரோலினா ஷவுட்’ கேளுங்கள். இடது கை திடீரென்று இரண்டிரண்டாகக் குதிப்பதை விட்டுத் தகிட தகிட தக என்று பிரித்து அடிக்கும். கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் அந்த இடம் தப்பாது.

ஸ்ட்ரைடில் கீழ் ச-வையும் மேல்ஸ்தாயி க-வையும் சேர்த்துப் பிடிக்கிறார்களே, என் கை எட்டவில்லை!
- பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

எட்ட வேண்டாம். கீழ் ச-வை முதலில் தொட்டுப் பெடலை அமுக்கி, நொடியில் மேல் க-வுக்குத் தாவுங்கள். அந்த ‘டென்த்’ உருண்டு வருவதும் ஓர் அழகுதான். தயவுசெய்து விரலை வலிக்க வலிக்க விரிக்காதீர்கள். வலி வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

நோட்ஸ் படிக்காமல் அந்தக் காலத்தில் எப்படிக் கற்றார்கள்?
- சேலம் வாசகர்

நோட்ஸ் படித்தவர்களும் நிறைய உண்டு. ஆனால் படித்தவர்களும் காதைத்தான் நம்பினார்கள். இளம் டியூக் எலிங்டன் ‘கரோலினா ஷவுட்’டைக் கற்றது தானாக வாசிக்கும் பியானோவில். ஜான்சனின் காகிதச் சுருளை மாட்டி, ஓட்டத்தை மெதுவாக்கி, தாமாக இறங்கும் கட்டைகள் மேல் தன் விரல்களை வைத்துப் பழகினார். இன்று உங்கள் போனில் பாட்டின் வேகத்தைப் பாதியாக்கும் வசதி இருக்கிறது. அதே வழிதான்.

லில் ஹார்டின் கதை இன்னும் எனக்குப் பிடித்தது. மெம்ஃபிஸில் பிறந்து, ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்து, நோட்ஸ் பார்த்து வாசித்தே பழகிய பெண். சிகாகோவில் நியூ ஆர்லியன்ஸ்காரர்களின் குழுவில் சேர்ந்த முதல் நாள் நோட்ஸ் கேட்டார். அவர்களிடம் அப்படி ஒன்றே இல்லை. எந்த ஸ்ருதி என்று கேட்டார். இரண்டு முறை தட்டும் ஓசை கேட்டதும் வாசிக்க ஆரம்பி என்றார்கள். தட்டு கேட்டது, எல்லாக் கட்டைகளையும் அமுக்கிப் பார்த்துச் சில நொடியில் ஸ்ருதியைப் பிடித்துவிட்டார். கிங் ஆலிவர் குழுவிலும், லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவிலும் பியானோ அவருடையதுதான். ‘ஸ்ட்ரட்டிங் வித் சம் பார்பிக்யூ’ அவர் இயற்றிய பாட்டு. ஆர்ம்ஸ்ட்ராங்கின் மனைவி என்ற ஒற்றை வரியில் அவரை முடித்துவிடும் எழுத்துகளைப் பார்த்தால் கோபம் வருகிறது. தனித்து முழங்காமல் நான்கு அடியிலும் கார்டைச் சீராகக் கொடுத்துக் குழுவைத் தாங்கிய கை அது. கார்ட் கற்பவர் கேட்க வேண்டிய முதல் கை.

எல்லா ட்ரம்பெட்டும் எனக்கு ஒரே மாதிரி கேட்கிறது. எப்படிப் பிரிப்பது?
- வங்கி ஊழியர், புதுச்சேரி

மூவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூவரும் வெவ்வேறு ஆட்கள் என்பது காதில் விழுந்துவிட்டால் மற்றவர்கள் தாமாகப் பிரிந்து நிற்பார்கள்.

முதலில் கிங் ஆலிவர். 1923-இன் ‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’. ட்ரம்பெட்டின் தம்பியான கார்னெட்டின் வாயை மூடி மூடித் திறந்து, குழந்தை அழுவதுபோல ‘வா… வா…’ என்று பேசவைப்பார். சொற்ப ஸ்வரங்கள்; அதையே திருகித் திருகி வாசிப்பார்.

அடுத்து ஆர்ம்ஸ்ட்ராங். நீண்ட ஸ்வரத்தின் கடைசியைக் கவனியுங்கள். முதலில் அசையாமல் நிற்கும். முடியப்போகும் நேரத்தில்தான் அதிர ஆரம்பிக்கும். உச்ச ஸ்வரத்துக்குப் போகும்போது கீழிருந்து கிழித்துக்கொண்டு ஏறுவார். 1927-இன் ‘பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்’ஸில் குழு முழுவதும் ஒரே ஓர் அடி அடித்துவிட்டு நிற்க, நடுவில் உள்ள வெற்றிடம் முழுக்க அவர் மட்டும். தாளம் எங்கே இருக்கிறது என்று அவர் காட்டுவதே இல்லை. உங்களுக்கே தெரியும்படி வாசிக்கிறார்.

மூன்றாவது பிக்ஸ் பைடர்பெக். அயோவா மாநிலத்து டேவன்போர்ட்காரர், 28 வயதில் 1931-இல் போய்விட்டார். 1927-இன் ‘சிங்கிங் த ப்ளூஸ்’. உச்சிக்கு ஏற மாட்டார், குரலை நடுங்கவிட மாட்டார். ஒவ்வொரு ஸ்வரமும் மணியைச் சுண்டியதுபோல் தனித்தனியே தெறிக்கும். பியானோ கற்கும் நீங்கள் அவருடைய ‘இன் எ மிஸ்ட்’டையும் கேட்க வேண்டும், அதே வருடம் அவரே தனியாகப் பியானோவில் வாசித்தது. 1927-க்கு அதன் கார்டுகள் மிகப் புதியவை.

பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்காதீர்கள். வீட்டில் யாரையாவது போடச் சொல்லி, கேட்டதும் முதலில் அந்தத் துண்டைப் பாடிக் காட்டுங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள்.

கிளாரினெட் மாதிரியும் இருக்கிறது, சாக்ஸபோன் மாதிரியும் இருக்கிறது. ஒருவர் பெரிதாக அதிரவைத்து வாசிக்கிறார். யார்?
- யாழ்ப்பாணம் வாசகர்

சிட்னி பெஷே, சோப்ரானோ சாக்ஸபோன். அந்த அகலமான, வேகமான அதிர்வு வேறு எவரிடமும் கிடையாது. முதல் அறிமுகத்துக்கு 1939-இன் ‘சம்மர்டைம்’ போதும். பழகிய பிறகு ‘கேக் வாக்கிங் பேபீஸ் ஃப்ரம் ஹோம்’ என்ற பாட்டின் இரண்டு பதிவுகளைத் தேடுங்கள்: 1924 டிசம்பரில் ஒன்று, 1925 ஜனவரியில் ஒன்று. இரண்டிலும் பெஷேயும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் எதிரெதிரே. முதல் பதிவில் பெஷே கை ஓங்கியிருக்கிறது, இரண்டாவதில் ஆர்ம்ஸ்ட்ராங் திருப்பிக் கொடுத்துவிடுகிறார் என்பது என் தீர்ப்பு. கேட்டுவிட்டு மறுத்து எழுதினாலும் மகிழ்ச்சியே.

ஜாஸில் ஹார்மோனியம் உண்டா?
- பஜனை மண்டலி உறுப்பினர், கும்பகோணம்

உண்டு! பெஸ்ஸி ஸ்மித் 1925-இல் பாடிய ‘செயின்ட் லூயி ப்ளூஸ்’. குரலுக்குத் துணை இரண்டே பேர்: கார்னெட்டில் ஆர்ம்ஸ்ட்ராங், ஹார்மோனியத்தில் ஃப்ரெட் லாங்ஷா. அந்த இழுவைக்கு மேல் பெஸ்ஸியின் குரல் எழுவதைக் கேட்டால் உங்களுக்கு அது வேற்றூர்ப் பாட்டாகவே தோன்றாது.

பியானோவில் கமகம் வராது. பிறகு ப்ளூஸை எப்படி வாசிக்கிறார்கள்?
- வீணை மாணவி, சென்னை

ப்ளூஸ் பாடகர் தேடும் காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் இருக்கிறது. பியானோவில் அந்த இடம் கிடையாது. அதனால் கறுப்புக் கட்டையில் உள்ள சாதாரண காந்தாரத்தைத் தொட்டு, அதே விரலை வெள்ளைக் கட்டையின் அந்தர காந்தாரத்துக்கு வழுக்கிவிடுவார்கள். சில சமயம் இரண்டையும் ஒன்றாகவே நசுக்குவார்கள். கீழே இடது கையில் ச க ப, கூடவே கைசிகி நிஷாதம். இதை ஒரு மாலை வாசித்துப் பாருங்கள். வீணைக்காரர் காதுக்கு அது உடனே பிடிபடும்.

1923 பதிவுகளில் டிரம்ஸே கேட்கவில்லை. வாசிக்கவில்லையா?
- பொறியாளர், ஓசூர்

வாசித்தார்கள், பதிய முடியவில்லை. 1925-இல் மின் ஒலிப்பதிவு பரவும் முன், ஒரு பெரிய கூம்பின் முன் நின்றுதான் வாசிக்க வேண்டும். பெரிய டிரம் அடித்தால் ஊசி துள்ளும். அதனால் கிங் ஆலிவர் குழுவில் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டினார். இண்டியானாவின் ரிச்மண்டில் ஜெனெட் கம்பெனி ஸ்டுடியோ ரயில் பாதையை ஒட்டி இருந்ததால் ரயில் போகும்வரை காத்திருப்பார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஒலி மற்றவர்களை அமுக்கியதால் அவரைத் தள்ளிப் பின்னால் நிற்கவைத்தார்கள். எனவே தூரத்தில் கேட்கும் கார்னெட்டைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்.

பியானோக்காரர்களைப் பிரித்துச் சொல்ல ஒரு வழி?
- திருப்பூர் வாசகர்

இடது கையைக் கேளுங்கள். ஃபேட்ஸ் வாலர் என்றால் அது அசையாத கடிகாரம். 1929-இன் ‘ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்’ கேளுங்கள். ஜேம்ஸ் பி. ஜான்சனின் சீடர் என்பது தெரியும், ஆனால் தொடுகை மிருதுவானது. ஏர்ல் ஹைன்ஸ் என்றால் இடது கை திடீரென்று தாளத்தைக் கைவிட்டு எங்கோ அலைந்துவிட்டு, சரியாகச் சமத்தில் வந்து விழும். வலது கை ட்ரம்பெட் மாதிரி ஆக்டேவில் முழங்கும். 1928-இன் ‘வெதர் பேர்ட்’ ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஹைன்ஸும் மட்டுமே. இருவர் ஒருவரையொருவர் மடக்கப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு இணையாக ஜாஸில் அதிகம் இல்லை. ஆர்ட் டேட்டம் என்றால் கேள்வியே வேண்டாம். 1933-இன் ‘டீ ஃபார் டூ’வில் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று நினைப்பீர்கள்.

கேட்டே ஒருவர் கறுப்பரா வெள்ளையரா என்று சொல்ல முடியும் என்கிறார் என் நண்பர்.
- சென்னை வாசகர்

முடியாது. ராய் எல்ட்ரிட்ஜ் என்ற மாபெரும் ட்ரம்பெட் கலைஞர் முடியும் என்று பந்தயம் கட்டினார். வெள்ளையர் குழுக்களில் வாசித்தபோது ஊர் ஊராக அவமானப்பட்டவர்; அந்தக் காயம் எனக்குப் புரிகிறது. 1951-இல் டவுன்பீட் பத்திரிகைக்காக லெனர்ட் ஃபெதர் பெயர் சொல்லாமல் இசைத்தட்டுகளைப் போட, எல்ட்ரிட்ஜ் பலமுறை தவறாகச் சொன்னார். தோல்வியை ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஜாஸ் கறுப்பின அமெரிக்கர்களின் படைப்பு என்பது வரலாறு, அதில் சமரசம் இல்லை. ஆனால் காது சொல்வது ஒருவர் எந்த ஊரில், யாரைக் கேட்டு வளர்ந்தார் என்பதை. தோலின் நிறத்தை அல்ல.

ஜாஸைக் கண்டுபிடித்தது யார்?
- மாணவர், வேலூர்

1902-இல் நான்தான் என்று மார்ட்டன் உரிமை கோரினார். ஒரு நகரமே சேர்ந்து செய்ததைத் தனியாள் கணக்கில் எழுத முடியாது. முதலில் இசைத்தட்டில் வந்தது 1917-இல், ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட், வெள்ளையர் குழு. முதலில் பதிந்தவர் முதலில் படைத்தவர் ஆகிவிட மாட்டார்.

அந்தக் காலப் பியானோக்காரர் யாராவது இந்தியா வந்ததுண்டா? தமிழர் யாரும் ஜாஸ் பியானோவில் இல்லையா?
- சிங்கப்பூர் வாசகி

டெடி வெதர்ஃபோர்ட். 1926-இல் சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவில் ஆர்ம்ஸ்ட்ராங்குடன் ‘ஸ்டாட்டிக் ஸ்ட்ரட்’ பதிந்தவர். அதே வருடம் ஆசியாவுக்குக் கப்பலேறியவர், ஷாங்காய், பம்பாய் தாஜ் ஓட்டல், கல்கத்தா கிராண்ட் ஓட்டல் என்று வாசித்து 1945-இல் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். சிகாகோவிலேயே இருந்திருந்தால் ஹைன்ஸுக்குப் பக்கத்தில் அவர் பெயரும் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தமிழர் உண்டு: விஜய் ஐயர். 1971-இல் நியூயார்க் மாநிலத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். முறையாகக் கற்றது வயலின். பியானோவைப் பெரும்பாலும் காதால்தான் பிடித்தார். 2013-இல் மெக்ஆர்தர் விருது பெற்றார். 2009-இன் ‘ஹிஸ்டாரிசிட்டி’யிலிருந்து தொடங்குங்கள்.

போனைக் காட்டினால் ஆப் பெயரைச் சொல்லிவிடுகிறது. காதைப் பழக்குவது எதற்கு?
- ஐ.டி. ஊழியர், சென்னை

ஆப் தட்டின் பெயரைச் சொல்லும். இரண்டாவது சுற்றில் கிளாரினெட் எந்த கார்டின் மேல் வழுக்கியது என்று அதைக் கேட்டு நீங்கள் வாசித்துவிட முடியாது. ஆளை அடையாளம் காண்பதும் கார்டை அடையாளம் காண்பதும் ஒரே பழக்கம். பெஷேயின் அதிர்வைப் பிரித்துக் கேட்கும் காதுதான், கூட்டு ஒலிக்குள் ம-ச எப்போது ம-நி ஆனது என்றும் கேட்கும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை வளர்க்க முடியாது.

வயது 61. ஓய்வு பெற்றுவிட்டேன். பேரனின் கீபோர்டு சும்மா கிடக்கிறது. இனிமேல் வருமா?
- திருநெல்வேலி வாசகர்

வரும், ஐயா. தினமும் அரை மணி நேரம் போதும். பாதி நேரம் முதல் பதிலில் சொன்ன இரண்டு விரல் பாடம், மீதி நேரம் ஒரே ஓர் இசைத்தட்டு. வாரம் முழுக்க அதே தட்டு. அந்தக் காலத்துப் பதிவுகள் பல இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. பேரனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். யார் முதலில் ஆளைச் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம்.

உங்களுக்கும் மற்ற எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். 1928 ஜூன் 28-இல் சிகாகோவில் ஆர்ம்ஸ்ட்ராங் குழு பதிந்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். தொடக்கத்தில் ட்ரம்பெட் தனியாக வருகிறது. அதன்பின் எந்தெந்த வாத்தியம், எந்த வரிசையில் முன்னுக்கு வருகிறது, மனிதக் குரல் எந்த இடத்தில், எதனுடன் சேர்கிறது? எங்கும் தேடிப் பார்க்காமல், கேட்டு மட்டும் எழுதி அனுப்புங்கள்.